ஊதா உதடு

வெட்டிய கிழங்கு வெள்ளையாக இருந்தது.

ராசவள்ளி இன்னொன்றை எடுத்து நடுவில் பிளந்தாள். அதுவும் வெள்ளை. சாக்கைக் கவிழ்த்தாள். தரையில் உருண்டவற்றில் கைக்கு வந்ததையெல்லாம் வெட்டிப் பார்த்தாள். தோலில் மட்டும் அங்கங்கே ஊதா படர்ந்து ஆசை காட்டியது. உள்ளே எல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர்.

"என்னங்க, இங்க வந்து இந்த அநியாயத்தைப் பாருங்க," என்றாள்.

அடுப்பறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அவள் கணவர் எழுந்து வரவில்லை. அங்கிருந்தே எட்டிப் பார்த்தார். "வெள்ளையா இருந்தா என்ன? கிழங்கு கிழங்குதானே."

"ஆமா, வெள்ளை ரொட்டிக்குள்ள வெள்ளைக் கிழங்கைச் சுருட்டி வெச்சா, சுருள் எங்கன்னு டார்ச் அடிச்சுத்தான் தேடணும். வாங்கறவங்களுக்கு ஆளுக்கொரு டார்ச் குடுப்பீங்களா?"

கிழங்குக்காரருக்குப் போன் போட்டாள். அவர் பேச்சில் கெட்டிக்காரர். "அக்கா, கிழங்குக்குள்ள புகுந்தா நான் பாக்க முடியும்?" என்றார்.

"நீங்க புகுந்து பாக்க வேணாம். ஒண்ணை வெட்டிப் பாத்திருக்கலாம்ல? உங்க கத்தி என்ன மோதிரமா, பெட்டியில வெச்சுப் பூட்டறதுக்கு?"

போனை வைத்தாள். கோபம் ஆறவில்லை. ஆனால் மாவு ஏற்கெனவே பிசைந்து பொங்க வைத்தாகிவிட்டது. மாவு யாருடைய கோபத்துக்கும் காத்திருக்காது.

ராசவள்ளி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல. அது கிழங்கின் பெயர். அந்த ஊதா நிறக் கிழங்கை ரொட்டிக்குள் சுருட்டி விற்க ஆரம்பித்த பிறகு தெரு வைத்த பெயர். பிறகு தபால்காரரே அந்தப் பெயரைக் கேட்டுத்தான் கடைக்கு வருவார் என்று ஆகிவிட்டது. ஆளைப் பார்த்தாலும் பெயர் பொருந்தும். கிழங்கைப் பச்சையாகவே தோல் சீவுவதால் விரல் நுனிகளும் நகங்களும் வருஷம் முழுக்க ஊதா. எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் மிச்சம் இருக்கும். தேய்ப்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

தையல்காரர் மகள். கல்யாணமாகி இந்த ரொட்டிக் கடைக்குள் வந்தபோது மாமனார் அவளைப் பொட்டலம் கட்டும் இடத்தில் நிறுத்தினார். மாவைத் தொட விடவில்லை. "தைக்கிற கை வேற, பிசையிற கை வேற," என்பார். அவளும் பேசாமல் கட்டினாள். பாலும் வெண்ணெயும் போட்ட மாவில் நீள ரொட்டி, வறட்டு ரஸ்க். அந்தக் கடையில் அவ்வளவுதான் சரக்கு.

ஒரு நாள் மீந்த மாவு ஒரு கை அளவு கிடந்தது. வீட்டுக்கு வேகவைத்த ராசவள்ளியும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சட்டைக்கு உள்துணி வைப்பதுபோல மாவை விரித்து, மேலே மசித்த கிழங்கைத் தடவி, பாயைப்போலச் சுருட்டி, மூலையில் கிடந்த சின்ன ட்ரேயில் வைத்துக் கடைசிச் சூட்டில் வேகவிட்டாள். ஆறியதும் வெட்டினாள். வெள்ளைக்குள் ஊதா சுற்றிச் சுற்றி நடுப்புள்ளியில் போய் முடிந்தது. மாமனார் பார்த்துவிட்டு, "ரொட்டிக்கு அடிபட்டுக் கன்னிப் போன மாதிரி இருக்கு," என்றார். தின்றார். இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார். மறுநாள் பொட்டலம் கட்டும் இடத்தில் மாமனார் நின்றார்.

அதற்குப் பிறகு கடை மெல்ல மெல்ல அவள் பக்கம் சாய்ந்தது. வேலையைக் கணவனும் மனைவியும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மாவு அவளுடையது, கிழங்கு அவருடையது; தோல் சீவுவது மட்டும் இருவரும். கொஞ்சம் மாவைப் பாலில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவிட்டு, மிச்ச மாவோடு சேர்த்து அவள் பிசைவாள். ரொட்டி மறுநாளும் பஞ்சாக இருப்பதற்கு அந்தக் கஞ்சிதான் காரணம். அவர் கிழங்கை வேகவைத்து மசித்து, சுண்டிய பாலும் வெண்ணெயும் சர்க்கரையும் சிட்டிகை உப்பும் போட்டு, சட்டியின் ஓரத்தை விட்டுத் திரண்டு வரும்வரை கிண்டுவார். ஈரம் நின்றால் சுருளுக்கும் ரொட்டிக்கும் நடுவே பொக்கை விழும், வெட்டும்போது வட்டம் வட்டமாகக் கழன்று வரும். அதனால் விடாமல் கிண்ட வேண்டும். கிண்டி முடித்ததும் கரண்டியை நக்குவார். சட்டியை வழித்து நக்குவார். கேட்டால், "பதம் பாக்கறேன்," என்பார்.

"பதம் பாக்கற ஆளுக்கு மீசையில எதுக்கு ஒட்டியிருக்கு?" என்று ரொட்டியைக் கடைகளுக்குக் கொண்டு போகும் வேன்காரர் கேட்பார். "அண்ணே, நீங்க திருடவே முடியாது. வாய் காட்டிக் குடுத்துடும்."

உண்மைதான். கிழங்கு கிண்டும் நாளெல்லாம் அவர் உதடும் நாக்கும் ஊதாதான். அந்தக் கடையில் அது யார் கண்ணிலும் படுவதில்லை. மரம் அறுக்கிறவன் தலையில் தூள் இருந்தால் யார் பார்க்கிறார்கள்?

அன்றைக்கு வருவோம். போனை வைத்த ராசவள்ளிக்குக் குளிர்பெட்டி ஞாபகம் வந்தது. கடையின் வார விடுமுறைக்கு முன்பு கிண்டிய கிழங்கு விழுது ஒரு டப்பா நிறைய மிச்சம் இருந்தது. அன்றைய ட்ரேகளுக்கு இழுத்துப் பிடித்தால் போதும். விழுதைக் கொஞ்சம் மெல்லிசாகத் தடவினால் ஆயிற்று. மனசு லேசானது. டப்பாவை எடுக்கப் போனவள், போகிற போக்கில் கணவர் முகத்தைப் பார்த்தாள். உதடு ஊதாவாக இருந்தது.

அவளுக்குச் சுருக்கென்றது.

"நக்கிட்டீங்களா?"

"எதை?"

"குளிர்பெட்டியில இருந்த விழுதை. இன்னிக்கு அதை விட்டா நாதியில்ல, தெரியுமா? நானே எப்படி இழுத்துப் பிடிக்கறதுன்னு மண்டையைப் பிச்சுக்கறேன். நீங்க உட்கார்ந்த இடத்துல ஸ்பூன் போட்டிருக்கீங்க."

"நான் தொடவே இல்ல," என்றார் அவர். சொல்லும்போது இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினார்.

"வாயைக் கண்ணாடியில பாருங்க, அப்புறம் பேசுங்க. வயசு ஏறுது, திருட்டுப் புத்தி இறங்க மாட்டேங்குது."

"சத்தியமா தொடல. காலையிலேர்ந்து எனக்கு எதுவுமே வாயில வைக்கத் தோணல."

கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்துதான் அவள் குளிர்பெட்டியைத் திறந்தாள். டப்பாவை எடுத்து மேஜையில் வைத்து மூடியைக் கழற்றினாள். விழுது காய்ந்து ஆடை கட்டக் கூடாது என்று மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்ட வைத்து விரலால் அமுக்கிவிடுவது அவள் வழக்கம். தாள் அப்படியே இருந்தது. அமுக்கின விரல் தடங்கள் அப்படியே இருந்தன. ஒரு மூலைகூடப் பிரியவில்லை.

அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடை விடுமுறைக்குப் பிறகு இன்றுதான் திறந்திருந்தார்கள். அதற்கு முன்பு கிண்டியதுதான் கடைசி. நடுவில் பல் துலக்கியிருக்கிறார், குளித்திருக்கிறார், சாப்பிட்டிருக்கிறார். கறை இத்தனை நேரம் நிற்காது. அவளுக்குத் தெரிந்த கறை அது. அவளைவிட அதைத் தெரிந்தவர் யாரும் இல்லை.

ஈரத்துணி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அவர் முன் குனிந்தாள். "வாயைக் காட்டுங்க." உதட்டைத் துடைத்தாள். துணியைப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. இன்னும் அழுத்தித் துடைத்தாள்.

"வலிக்குதும்மா."

"நாக்கை நீட்டுங்க."

அவர் சிரித்தார். சின்னப் பிள்ளைக்குப் பழிப்புக் காட்டுவதுபோல நீட்டினார். நாக்கின் நடுவே வழக்கமாகப் படியும் திட்டு இல்லை. நாக்கு முழுவதுமே, அடி வரைக்கும், மழை கட்டிய வானத்தின் நிறத்தில் இருந்தது.

ராசவள்ளி துணியைக் கீழே போட்டாள். கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும். அது அவளுக்கும் அப்போது இல்லை.

வெளியே வேன்காரர் காலி ட்ரேகளை இறக்கிக்கொண்டிருந்தார். "ட்ரேயை விட்டுட்டு வண்டியை எடுங்க தம்பி," என்றாள். "ஆஸ்பத்திரிக்கு."

"யாருக்கு அக்கா?"

"உங்க அண்ணனுக்கு."

வேன்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "நல்லாத்தானே உட்கார்ந்திருக்காரு? வாயெல்லாம் கிழங்கு..."

"கிழங்கு இல்ல," என்றாள் அவள். "அவர் தின்னவே இல்ல."

நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித் தருவார்கள்: உதட்டைப் பார், நகத்தைப் பார். ரத்தத்தில் காற்று குறைந்தால் நீலம் முதலில் அங்கேதான் எட்டிப் பார்க்கும். கருத்த தோலில் உதட்டுக்கு உள்பக்கத்தையும் நாக்கையும் பார்க்க வேண்டும். உலகத்தில் எல்லா வீட்டிலும் இந்த இரண்டு ஜன்னலும் திறந்திருக்கும். இந்த ஒரு வீட்டில் மட்டும் உதட்டிலும் சாயம், நகத்திலும் சாயம். இரண்டு ஜன்னலுக்கும் திரை போட்டு வைத்துக்கொண்டு அவர்கள் வருஷக்கணக்காக வாழ்ந்திருந்தார்கள்.

அவசரப் பிரிவில் இருந்த நர்ஸ் நடுத்தர வயது. வேகமான கை. கணவரின் விரலை எடுத்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற ராசவள்ளியின் கையைப் பார்த்தார்.

"இதுல யாரும்மா நோயாளி?"

"அவர்தான். எங்களுக்குக் கிழங்கு சீவற வேலை. இது அந்தக் கறை. உதடு மட்டும் கறை இல்ல."

நர்ஸ் அவர் விரலில் ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் கிளிப்பை மாட்டினார். எண் வந்தது. நர்ஸ் முகத்தைச் சுளித்தார். கிளிப்பை வேறு விரலுக்கு மாற்றினார். அதே எண். "நகத்துல சாயம் இருந்தா இது சில நேரம் தப்பாக் காட்டும்," என்றார்.

ராசவள்ளி அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சாயம்தான். கருவிதான் தப்பு. எல்லாம் கிழங்கு செய்த வேலை. திரும்பிப் போய் மாவைப் பார்க்கலாம், பொங்கி வழிந்திருக்கும்.

"உங்க விரலைக் குடுங்க," என்றார் நர்ஸ்.

கொடுத்தாள். அதே கறை, அதே நகம், அவளுடையது இன்னும் ஒரு படி அதிகக் கறுப்பு. கிளிப் கொஞ்சம் யோசித்துவிட்டு எண்ணைக் காட்டியது. அது நல்ல எண் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நர்ஸ் கிளிப்பைக் கழற்றி, அவர் காது மடலில் மாட்டினார். முதலில் வந்த அதே கெட்ட எண்தான் வந்தது. நர்ஸ் திரும்பி உள்ளே குரல் கொடுத்தார். சக்கர நாற்காலி வந்தது. ராசவள்ளி தன் விரலை இன்னும் நீட்டியபடியே நின்றிருந்தாள்.

முகமூடி போட்டு ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தபோதே டாக்டர் அவளிடம் கேள்வி கேட்டார்.

"இருமல் இருந்துதா?"

"இருந்துது. மாவுத் தூசி மூக்குல போகும், எங்க கடையில எல்லாருக்கும்..."

"கால் வீங்குதா?"

"செருப்பு இறுக்குதுன்னு சொன்னாரு. அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டே இருக்கற வேலை, அதனால..."

"படுத்துத் தூங்க முடியுதா?"

"நாற்காலியில சாஞ்சுதான் தூங்கறாரு. மாடியில சூடு அதிகம்னு..."

அவள் நிறுத்திக்கொண்டாள். டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார், குற்றம் சொல்லும் முகம் அவருக்கு இல்லை. ஆனால் சொன்ன ஒவ்வொரு பதிலையும் அவளே தன் காதால் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கடைக்குள்ளேயே கிடைத்திருந்தது. தூசி, சூடு, நிற்பது, கிழங்கு. எதற்கும் வெளியே போய்த் தேட வேண்டியிருக்கவில்லை.

இதயம் களைத்துவிட்டது, அடிக்கும் வேகத்தில் சீர் இல்லை, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உட்கார்ந்த வாக்கிலேயே போயிருப்பாரு," என்றார். பயமுறுத்தச் சொன்னதல்ல. கேட்டதற்குச் சொன்னார்.

நீர் இறங்க ஊசி போட்டார்கள். ராசவள்ளி படுக்கை ஓரத்தில் நின்று முகமூடிக்குள் தெரிந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல உதட்டின் நடுவில் மண்ணின் சிவப்பு கலந்த ஒரு பழுப்பு வந்தது. பிறகு ஓரங்களுக்குப் பரவியது. அவள் திடுக்கிட்டாள். அது யாருடைய வாயோ போல இருந்தது. கல்யாணமான புதிதில் அவர் உதடு இந்த நிறத்தில்தான் இருந்தது என்று யோசித்து யோசித்துத்தான் கண்டுபிடித்தாள். பக்கத்திலேயே இருந்த ஒரு மனிதனின் உதடு எந்த நிறம் என்று யாராவது அன்று காலை கேட்டிருந்தால், அவள் கொஞ்சமும் தயங்காமல் ஊதா என்று சொல்லியிருப்பாள்.

"ரொட்டி என்னாச்சு?" என்றார் அவர், முகமூடியைத் தூக்கி.

"போட்டுக்கங்க அதை. மாவு பொங்கித் தரையில நடக்குதாம், வேன் தம்பி கடைக்குப் போய்ப் பாத்துட்டுப் போன் பண்ணாரு."

"வீணாப் போச்சா?"

"வீணாப் போனது மாவுதான். வாயை மூடுங்க."

நல்லபடியாகத் திரும்பி வந்தார். மாத்திரைகள் வந்தன, உப்பு குறைந்தது, காலையில் எடை பார்க்கிற வழக்கம் வந்தது. எடை திடீரென்று ஏறினால் அது சதை அல்ல, தண்ணீர் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மாடிப்படி கூடாது என்பதால் கட்டில் கீழே வந்தது. அடுப்பு வேலையும் கிழங்கு கிண்டுவதும் நின்றன. பொட்டலம் கட்டும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இதெல்லாம் அவருக்குச் சம்மதம். ஒன்றே ஒன்றுக்குத்தான் பெரிய சண்டை.

"இனிமே உங்களுக்கு ராசவள்ளி கிடையாது," என்று அவள் சொன்னாள். "கரண்டியும் இல்ல, சட்டியும் இல்ல, ரொட்டியும் இல்ல. வெறும் பால் ரொட்டி."

"டாக்டர் சொன்னாரா?"

"நான் சொல்றேன். வாயில சாயம் இருந்தா எனக்கு உங்களைத் தெரியாது."

அவர் டாக்டர் சொன்ன எதற்கும் காட்டாத கோபத்தை இதற்குக் காட்டினார். ஒரு வேளை சாப்பிடவில்லை. வேன்காரரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். "அக்கா, மனுஷன் உசிரோட வந்திருக்காரு. அதுக்கு ஒரு துண்டு குடுக்கக் கூடாதா?" என்று வேன்காரர் சிபாரிசு பண்ணினார்.

"நீங்க பேசாதீங்க. கிழங்குன்னு சொன்ன ஆள் நீங்க."

"நீங்களும்தான் சொன்னீங்க அக்கா. திருடிட்டாருன்னு வேற சொன்னீங்க."

அவள் மேஜைப் பக்கம் திரும்பினாள். மாவைத் தட்டி, விரித்து, விழுதைத் தடவினாள். ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டாள், இல்லாவிட்டால் சுருட்டும்போது பிதுங்கும். சுருட்டி ட்ரேயில் வைத்துத் துணி போட்டு மூடிவிட்டு வந்து சொன்னாள்:

"ஒரு துண்டு. தினமும் ஒண்ணே ஒண்ணு. ஆனா காலையில முதல்ல வெளிச்சத்துல வந்து வாயைக் காட்டணும். நான் பாத்துட்டு சரின்னு சொன்ன பிறகுதான்."

அப்படித்தான் நடந்தது. கடை திறந்ததும் அவர் வாசலுக்கு வந்து நிற்பார். அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உதட்டைப் பிதுக்கி உள்பக்கம் பார்ப்பாள், நாக்கை நீட்டச் சொல்லி அடி வரைக்கும் பார்ப்பாள். அவர் நகங்களும் கறை போய்த் தெளிந்துவிட்டதால் அவற்றையும் பார்ப்பாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல இருக்கிறது என்று எதிர்க்கடைக்காரர் சொன்னார். "விலை படிஞ்சுதா?" என்றும் கேட்டார். "இல்லீங்க, இன்னும் கொஞ்ச நாள் வெச்சிருந்து பாக்கலாம்னு இருக்கேன்," என்றாள் அவள்.

ஒரு முறை அவளுக்குச் சந்தேகம் வந்தது. மேகம் மூடின காலை. உதடு நீலமா, வெளிச்சம் நீலமா என்று பிடிபடவில்லை. அவர் நன்றாக இருக்கிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டும் கேட்காமல் வண்டியில் ஏற்றிவிட்டாள். அதே நர்ஸ். காதில் கிளிப் மாட்டினார். எண் நன்றாக இருந்தது. "ஒண்ணும் இல்லம்மா," என்றார். ராசவள்ளி வெட்கப்படவில்லை. "ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்," என்றாள்.

திரும்பும்போது வண்டியில் அவர் அவளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்ன?"

"உன் வாயை யார் பாக்கறது?"

"எனக்கென்ன கேடு?"

"எனக்கென்ன கேடுன்னுதான் நானும் இருந்தேன்." அவர் அவள் மோவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். வேன்காரர் கண்ணாடியில் பார்த்தும் பார்க்காததுபோல ஓட்டினார். "காட்டு."

காட்டினாள். கிழங்கு கிண்டும் வேலை அவள் கைக்கு வந்த பிறகு பதம் பார்ப்பதும் அவள் வேலையாகியிருந்தது. அவர் உதட்டைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், விரல்களைத் தூக்கி நகத்தைப் பார்த்தார். எல்லாம் ஊதா. எங்கும் ஊதா.

அவர் முகம் மாறியது. அந்த முகத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று டப்பாவுக்கு முன்னால் நின்றபோது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணுமே தெரியலயே," என்றார் அவர்.

கடைக்கு வந்ததும் அவள் எலுமிச்சைப் பழத்தை இரண்டாக வெட்டி, குழாயடியில் உட்கார்ந்து நகத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். வேலை அப்படியே கிடந்தது. வேன்காரர் ட்ரே எப்போது தயாராகும் என்று கேட்டார்.

"இனிமே கிழங்கு சீவறதுக்குக் கையுறை வேணும்," என்றாள் அவள், தலை நிமிராமல். "பதம் பாக்கறதுக்கு நீங்க. உங்க வாயை யாரும் பாக்கப் போறதில்ல."

"என் வீட்டுக்காரி பாப்பாளே அக்கா."

"அப்ப அவங்களையும் கூட்டிட்டு வாங்க. எல்லாரும் வெளிச்சத்துல நிக்கலாம்."